பினாங்குப் பட்டணத்தில் ஒரு நாள்

தோட்டத்துப் பெற்றோர்களே, தைப்பூசத்திற்குப் பினாங்கு போகிறோம்; தண்ணீர்மலை ஏறிக் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறோம். இந்தப் பள்ளி விடுமுறையில் பட்டணத்துக்கென்றே ஒரு நாளை ஒதுக்குவோம்.

பட்டர்வொர்த்தில் காலைப் படகைப் பிடிப்போம். 1985இல் திறந்த பாலம் இருக்கிறதே என்பீர்கள். கடலிலிருந்து பார்த்தால்தான் நம் பாட்டன்மார் கண்ட கரை தெரியும். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறியவர்களில் பலரை ஜெரஜாக் தீவில் இறக்கி, நோய்த் தடுப்புக் காவலில் வைத்தார்கள். பிறகு நேரே தோட்டம். பட்டணத்தைச் சுற்றிப் பார்க்க அவர்களை யார் விட்டார்கள்?

1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கே அதிக நேரம் வேண்டாம். குயின் தெருவுக்கு நடப்போம். அங்கே 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். சற்றுத் தள்ளி, 1801இல் காதர் மைதீன் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் வணிகர்களும் துறைமுகக் கூலிகளும் புழங்கிய தெருக்கள் இவை. 2008இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுரிமை இடமாக ஏற்றது.

தெற்கே சுங்கை பினாங், அதாவது பாக்கு ஆறு, அந்த எல்லைக்குள் இல்லை. நேரமிருந்தால் அதையும் எட்டிப் பார்க்கலாம்.

கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், புறப்படுமுன், குடும்பம் வந்த கப்பலின் பெயரைக் கேட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.