ஹோமர் எழுதின பொய்க் கணக்கு

1998-ல வந்த ‘தி சிம்ப்சன்ஸ்’ எபிசோடு ஒண்ணுல, ஹோமர் கரும்பலகையில ஒரு கணக்கு எழுதுறார்: 3987¹² + 4365¹² = 4472¹². சாதாரண பத்து இலக்க கால்குலேட்டர்ல நான் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஒரே விடை!

ஆனா 2-க்கு மேற்பட்ட அடுக்குகள்ல முழு எண்கள் இப்படிச் சேரவே சேராதுன்னு 17-ஆம் நூற்றாண்டுலயே ஃபெர்மா எழுதி வெச்சார். அதுக்கான நிரூபணம் அச்சுல வந்தது 1995-லதான். கொடுத்தவர் ஆண்ட்ரூ வைல்ஸ்.

அப்போ தப்பு எங்க? பத்து இலக்கத்துக்கு அப்புறம்தான் விடைகள் பிரியுது. இப்படி மயிரிழையில தப்புற எண்களை, எழுத்தாளர் டேவிட் கோஹென் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் எழுதியே தேடிப் பிடிச்சார்.

இந்தப் பொய்யைப் பிடிக்க வைல்ஸ் வேண்டாம், ஸ்கூல் கணக்கே போதும். 3987, 4365 ரெண்டும் மூணால வகுபடும், 4472 வகுபடாது. அவ்ளோதான். கால்குலேட்டரை நம்பின நான், இதை யோசிக்கவே இல்ல.