பதித்த பல்லுக்கும் ஈறு உண்டு

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவதுதான் இம்ப்ளான்ட். "அது சொத்தையாகாதே, பிறகென்ன கவலை?" என்று கேட்கும் நேயர்கள் பலர். இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

1952இல் சுவீடனில் டாக்டர் பெர்-இங்வார் பிரானிமார்க், இரத்த ஓட்டத்தை ஆராய முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965இல் முதல் நோயாளிக்கு அவர் பதித்த திருகுகள், 2006இல் அந்த நோயாளி இறக்கும்வரை உழைத்தன.

அதே 1965இல் அண்டை நாடான டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் வேறோர் ஆய்வை வெளியிட்டனர். பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் 10 முதல் 21 நாள்களுக்குள் ஈறு வீங்கியது. மீண்டும் துலக்கியதும் ஒரு வாரமளவில் குணமானது. கிருமிப் படலமே ஈறு நோய்க்குக் காரணம் என்பது உறுதியானது.

இதே சோதனை 1994இல் இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம் நடந்தது. மூன்றே வாரத்தில் அங்கும் ஈறு அழற்சி கண்டது. 2012இல் வெளியான ஆய்வோ, மூன்று வாரம் மீண்டும் துலக்கியும் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய ஈறு முழுமையாகத் தேறவில்லை என்று காட்டியது.

இயற்கைப் பல்லின் வேரை ஈற்றின் நார்கள் ஊடுருவிப் பிடித்திருக்கின்றன. டைட்டானியத்தில் அந்தப் பிடி இல்லை. அழற்சி ஈற்றளவில் இருந்தால் சுத்தப்படுத்தினாலே தணியும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான். அப்போதும் இழந்த எலும்பு முழுதும் திரும்பும் என்ற உறுதியில்லை. மாத்திரை மட்டும் இதைத் தீர்க்காது.

எனவே, நாள்தோறும் இருமுறை துலக்குங்கள். இடுக்குகளைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். புகைப்பதை விடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். மருத்துவர் குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லுங்கள். துலக்கும்போது இரத்தம் கசிந்தால், வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும்.