பாரிச வாயுவும் நாலரை மணி நேரமும்

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குச் சிறு வயதில், 'பாரிச வாயு' என்றால் பாரிஸிலிருந்து வந்த வியாதி என்றே நினைப்பு. பாரிசம் என்றால் பக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

1986-இல் லப்பைக்குடிக்காட்டில் என் மாமனாருக்கு அது வந்தது. சுபுஹுக்கு ஒலு செய்கையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. தைலம் தேய்த்தோம். மறுநாள்தான் வாடகைக் காரில் திருச்சி. ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார். யாரைக் குறை சொல்வது? அப்போது அதற்கு ஊசியே கிடையாது.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டென்று அமெரிக்க ஆய்வு சொன்னது 1995-இல். பெரம்பலூர் தனி மாவட்டமான வருஷம். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணியாக நீட்டியது. தமிழ்நாட்டில் 108 வண்டி ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்.

ஆனால் அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேனில் பாராமல் ஊசி போட்டால் ஆபத்து. ஆகவே வண்டியில் வருபவர் முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும். ஸ்கேன் தயாராக இருக்க வேண்டும். நரம்பியல் மருத்துவர் இல்லாத இடமானால் படத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேட்க வேண்டும். குமாஸ்தா பாஷையில், ஃபைல் எந்த மேஜையிலும் தூங்கக் கூடாது.

முதல் மேஜை நம் வீடுதான். பேச்சுக் குழறினால், கை விழுந்தால், மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அந்த மணியைத்தான்.