நாழிகைவழி: சென்னையும் யாழ்ப்பாணமும்

தமிழில் 'நாழிகைவழி' என்றோர் அளவு உண்டு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கக்கூடிய தொலைவு அது. தொலைவைக் காலத்தால் அளந்த நம் முன்னோரின் இவ்வழக்கு சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட வழியை நினைக்குந்தோறும் நம் நினைவுக்கு வருகிறது.

சென்னை விமான நிலையத்திலிருந்து பலாலி, நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். மதுரையோ 400 கிலோமீட்டருக்கும் மேல். வான்வழியே பார்த்தால் சென்னைக்கு மதுரையினும் யாழ்ப்பாணமே அண்மையில் உள்ளது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் ரயிலேறித் தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறும் 'போட் மெயில்' வழி ஏற்பட்டது. யாழ்ப்பாணம் செல்வோர் மதவாச்சியில் வடக்கு நோக்கிய வண்டிக்கு மாறவேண்டும். ஓரிரவும் ஒரு பகலும் அதில் கழிந்துவிடும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றுபோயிற்று.

பலாலியில் விமானத்தளம் அமைத்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரித்தானிய விமானப்படை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், டகோட்டா வகையைச் சேர்ந்தது, இரத்மலானையில் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. ஓரிரவும் பகலுமான வழி ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கிற்று.

பின்னர் வந்த போர் அவ்வழியை அடைத்தது. பலாலி படைத்தளமாயிற்று, சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரைவிட்டுப் பெயர நேர்ந்தது. யாழ்தேவி ரயிலும் அவ்வாண்டே நின்றது. யாழ்ப்பாணத்தார் சென்னை வரவேண்டுமெனில் முதலில் தெற்கே 400 கிலோமீட்டர் சென்று கொழும்பை அடையவேண்டும். அங்கிருந்து 650 கிலோமீட்டர் வடக்கே பறக்கவேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்குத் தெற்கு நோக்கிப் புறப்பட்ட பயணம் அது. 1990களின் தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியை இருளில், உயிருக்கு அஞ்சியபடி படகில் கடந்தே பலர் தென்பகுதிக்குச் சென்றனர். 2002இல் திறந்த ஏ-9 சாலை 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 350 கிலோமீட்டர் 1,050 ஆனது. ஒன்றரை மணி நேரம் சிலருக்கு நாட்களாகவும் வேறு சிலருக்கு ஆண்டுகளாகவும் நீண்டது.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டது. ஏடிஆர் விமானத்தில் பயணம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

1947இன் டகோட்டாவைவிட இது விரைவானது. ஆயினும் மிச்சமாவது சில நிமிடங்களே. இடைப்பட்ட காலத்தில் இவ்வழியை நீட்டியதும் சுருக்கியதும் விமானத்தின் வேகமன்று, வழி திறந்திருந்ததா என்பதே. நாழிகைவழி என்னும் பழைய அளவு இதை உணர்ந்தே அமைந்தது போலும்: நடப்பவன் சென்று சேர்ந்தால்தான் அது தொலைவு. நிலப்படத்தின் அண்மை ஒருவருக்கும் உறவினர் முகத்தைக் காட்டிவிடாது.