பொய்ச்சாட்சி சொன்ன பூ

என் அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் வேலை. பட்டுப் புடவைகளின் மடிப்புக்குள் காய்ந்து சருகான தாழை மடல்கள் கிடக்கும். பச்சையாக இருந்தபோது வீசிய மணத்தில் பாதியாவது சருகிலும் இருக்கும். "பூஜைக்கு ஆகாத பூவை என்னத்துக்கடி இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறாய்?" என்பாள் பாட்டி. "ஸ்வாமிக்குத்தானே ஆகாது? எனக்கு ஆகும்" என்று அத்தை பெட்டியை மூடிவிடுவாள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணாமலையில் ஜோதியாக நின்ற சிவனின் முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்த பிரம்மா, வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, "முடியைக் கண்டேன் என்று எனக்காக ஒரு சாட்சி சொல்" என்றார். பூவும் சொல்லிற்று. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போயிற்று; பூவுக்குச் சிவபூஜை இல்லாமல் போயிற்று. ராமநாதபுரம் சீமையில் உத்தரகோசமங்கையில் மட்டும் இன்றைக்கும் சிவனுக்குத் தாழம்பூ சாத்துகிறார்கள். மேல் கோர்ட்டில் தண்டனை தள்ளுபடியானது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழக்கில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. தாழையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நாம் தலையில் வைப்பதும் பெட்டியில் போடுவதும் ஆண் மரத்துப் பூவைத்தான். வெள்ளையும் இளமஞ்சளுமாக நீண்ட மடல்கள். அவற்றின் மறைவில் பொடிப்பொடியாக மகரந்தக் கொத்து. நாம் இதழ் என்று நினைப்பது இதழ் அல்ல, பூவைப் போர்த்திய மடல். அந்தத் தூளைக் காற்று எடுத்துக்கொண்டு போய்ப் பெண் மரத்தில் சேர்க்கிறது. பெண் மரம் மணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அன்னாசிப் பழத்தின் தமக்கை போலக் காய்த்து, செம்மஞ்சளாகப் பழுத்து, துண்டு துண்டாக உதிர்கிறது. துண்டுகள் கடலில் மிதந்து வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும். ஆகப் பொய் சொன்னது ஆண்; பெண்ணையும் சேர்த்துத் தள்ளிவைத்தார்கள்.

பெயரிலும் வழக்குதான். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் தாழையும் உண்டு, கைதையும் உண்டு. ஒன்றையே இரண்டு தரம் எண்ணுகிற கவியா அவர்? தென்னைக்கும் தாழை என்று ஒரு பெயர் இருந்தது. அங்கே தாழை என்றது தென்னம்பாளையை என்பது உரைகாரர் வழி. நம் முள் தாழைக்குக் கைதை என்ற பெயர் நின்றது.

அந்தக் கைதை கப்பலேறியது சுவாரஸ்யமான சமாசாரம். கொச்சியில் டச்சுக் கவர்னராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரையும் கொங்கணி அந்தணர் மூவரையும் துணைகொண்டு மலையாளத்துச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு பாகம் போட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அதில் நம் கைதையும் 'கைதா' என்று படத்தோடு ஏறியிருக்கிறது.

அடுத்து வந்தவர் போர்ஸ்கால் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர். டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய கூட்டத்தோடு போய், ஏமனில் இதே தாழையைக் கண்டு குறித்து வைத்தார். 1763-ல் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார், வயது முப்பத்தொன்று. கூடப் போனவர்களில் உயிரோடு திரும்பியவர் நீபூர் ஒருவர்தான். அவர் நண்பரின் காகிதங்களை 1775-ல் அச்சிட்டார். சில வருஷங்களுக்குள் பெரிய லின்னேயஸின் மகன் இதற்கு வேறு பெயர் சூட்ட, உலகம் வெகுகாலம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. சாஸ்திரத்தில் முதலில் வைத்த பெயருக்கே உரிமை. இன்று தாவர நூலார் ஏற்பது 'பண்டானஸ் ஒடோரிஃபர்'. அந்தப் பின்பாதி, ஏமனில் இறந்தவர் எழுதி வைத்தது.

தாழையை வைத்துச் சம்பாதிக்கிற ஊரும் இருக்கிறது. ஒரிசாவின் கஞ்சம் ஜில்லாவில் ஆண் பூவை விடியற்காலையில் பறித்துச் செப்புப் பானையில் வடித்து அத்தர் எடுக்கிறார்கள். வடக்கே மிட்டாயிலும் பிரியாணியிலும் தெளிக்கிற 'கேவ்டா' அதுதான். மலையாளத்தில் ஓலையைச் சீவி முள் எடுத்துப் பாய் முடைகிறார்கள். பூவுக்குக் காசு கிடைக்கிற இடத்தில் புதருக்கும் ஆயுள் கெட்டி.

நம் கரையில் அப்படியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று வெள்ளைக்காரன் சவுக்கைப் பரப்பினான். ஐந்தாறு வருஷத்தில் வெட்டி விற்கலாம். சவுக்கை நான் குறை சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு அது சோறு. ஆனால் தாழை, விழுதுகளை முட்டுக்கால் போல மணலில் ஊன்றி, உப்புக் காற்றைத் தாங்கி, மண்மேட்டை இருந்த இடத்தில் இருத்தி வைக்கிற ஜாதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகுதான் கரைக்கு உயிர்வேலி வேண்டும் என்று பேசினார்கள். அதற்குள் எத்தனையோ இடங்களில் 'பாம்பு அடைகிறது' என்று கொளுத்தியாகிவிட்டது. பாம்பு வருவது மணத்துக்காக அல்ல, புதர் நிழலில் இருக்கும் எலிக்கும் தவளைக்கும்.

போன சித்திரையில் அத்தையின் ஊருக்குப் போயிருந்தேன். வேதாரண்யம் பக்கம், கடலோரம். வாய்க்கால் கரை நெடுக இருந்த தாழங்காட்டில் ஒரே ஒரு புதர் மிச்சம். பக்கத்துக் கொல்லைப் பெரியவரிடம், "பூ எப்போது எடுக்கும்?" என்று கேட்டேன்.

"இது பூக்காத தாழைங்க. எங்கப்பா காலத்திலேருந்து பார்க்கிறேன், ஒரு பூ வச்சதில்லை. ஆடி கழிஞ்சதும் வெட்டிடப் போறோம்" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். முள்ளோலைக்கு நடுவே, குழந்தையின் தலையளவில், செம்மஞ்சளாக ஒரு பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அது பெண் மரம் என்பதை அவருக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார்.