டெமராராவில் ஒரு வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் கப்பல் வேலையில் இருக்கிறான். (பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது.) போன மாதம் கயானா நாட்டின் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறான். ஒரு தெருப் பெயர்ப் பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சார், இது யாரு சார்?" என்று கேட்டிருந்தான். பலகையில் இருந்த பெயர், குவாமினா தெரு.

கயானா வரைபடத்தில் தென் அமெரிக்காவில் இருக்கும். ஆனால் பேச்சு, சாப்பாடு, கிரிக்கெட் எல்லாம் கரீபியன்தான். மேற்கிந்தியத் தீவுகள் அணியில் ஆடிய கிளைவ் லாய்டும் சந்தர்பாலும் அந்த ஊர்க்காரர்கள். குவாமினா யார் என்று சொல்ல வேண்டுமானால் அவருடைய பாதிரியார் ஜான் ஸ்மித்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. நான் கிறிஸ்தவன் இல்லை. இருந்தாலும் ஸ்மித்தின் கதையைப் படித்த நாள்முதல் அவரை ஒரு பாதிரியாராக நினைக்க முடியவில்லை, ஒரு வாத்தியாராகத்தான் நினைக்க முடிகிறது.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது அதன் பெயர் டெமராரா. ஆரம்பத்தில் டச்சுக்காரர் கையில் இருந்து, பிறகு ஆங்கிலேயர் கைக்கு வந்த குடியேற்ற நாடு. கடற்கரை நிலம் முழுக்க, கடல் ஏறும்போது வரும் நீர்மட்டத்தைவிடத் தாழ்வானது. டச்சுக்காரர்கள் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து நிலத்தைக் காப்பாற்றினார்கள். வெட்டியது யார் என்று கேட்காதீர்கள், ஆப்பிரிக்க அடிமைகள்தான். கடலிலிருந்து உள்ளே போகும் நீள நீளமான பட்டைகளாகத் தோட்டங்கள். பருத்தி, காப்பி, போகப் போகக் கரும்பு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. ஒன்றின் பெயர் 'லெ ரெசூவெனிர்', பிரெஞ்சில் நினைவு என்று பொருள். பக்கத்துத் தோட்டத்தின் பெயர் 'சக்சஸ்'. யாருடைய வெற்றியோ!

லெ ரெசூவெனிரின் முதலாளி ஹெர்மானஸ் போஸ்ட் என்ற டச்சுக்காரர். மற்ற முதலாளிமார் முகம் சுளித்தபோதும், தன் அடிமைகளுக்குப் போதிக்க ஆள் வேண்டும் என்று லண்டன் மிஷன் சங்கத்திடம் கேட்டு வாங்கினார். 1808-ல் ஜான் ரே என்பவர் வந்தார். 'பெத்தேல்' என்ற கோயில் எழுந்தது. ரே வேறு ஊருக்குப் போன சில வருடம் கழித்து, 1817 பிப்ரவரியில், மனைவி ஜேனுடன் வந்து இறங்கினார் ஸ்மித். வயது 26. பெரிய படிப்பெல்லாம் இல்லை, இளம் வயதில் பிஸ்கட் சுடும் கடையில் தொழில் பழகியவர்.

வந்ததும் மரியாதைக்காகக் கவர்னர் மர்ரேயைப் போய்ப் பார்த்தார். கவர்னர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். அடிமை ஒருவனுக்கு எழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததாகக் காதில் விழுந்தால், அந்த நிமிடமே இந்த நாட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்றார்.

அந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. 1990களில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். ஒரு கிராமத்தில் பெரிய நிலக்காரர் ஒருவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, மிக நல்ல குரலில் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, இவங்களுக்கு எழுத்து தெரிஞ்சா நாளைக்குக் களை எடுக்க யார் வருவா?" மிரட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தத் தெருவிலிருந்து படிக்க வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். மர்ரே துரைக்கும் அந்தப் பெரியவருக்கும் பயம் ஒன்றுதான்.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். இதே லண்டன் மிஷன்தான் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வேலை செய்தது. 1809-ல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வேர். 1818-ல் மீட் ஐயர் நாகர்கோவிலில் வந்து இறங்கிப் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம் என்று வேலையில் இறங்குகிறார். ஏறக்குறைய அதே வருடங்களில், அதே சங்கத்து ஆள் டெமராராவில் 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக் கொடுக்கக் கூடாது! எஜமானர்கள் மீது அடிமைகளுக்கு மனக்குறை உண்டாகும்படி வெளியிலோ தனியிலோ ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று லண்டனிலிருந்தே அறிவுரை கொடுத்துத்தான் ஸ்மித்தை அனுப்பியிருந்தார்கள்.

சரி, அப்படியானால் அவர் தினமும் என்னதான் செய்தார்? நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இருந்ததால் நமக்கு ஓரளவு தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமைதான் முக்கியம். காலை ஜெபம், நடுப்பகலில் பெரிய ஆராதனை, அதன்பிறகு வினாவிடை. புத்தகம் கூடாது என்பதால் எல்லாம் வாய்ப்பாடம். அவர் கேள்வி சொல்வார், கூட்டம் பதிலைச் சேர்ந்து சொல்லும், மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப. நம் பள்ளியில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோர் நடந்து வருவார்கள். வர முடியாதவர்களுக்காக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அவர் ஞாயிறு கற்றதை வாரநாளில் தன் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். அவருக்குப் பெயரே 'டீச்சர்'. ரே காலத்தில் எழுத்துக் கூட்டக் கற்றிருந்த சிலர் மற்றவர்களுக்கு இருட்டில் எழுத்தும் கற்றுக் கொடுத்தார்கள். கவர்னருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஞாயிறு என்பதே அங்கே சண்டைக்குரிய விஷயம். அடிமைகளுக்குத் தங்கள் தோட்டத் துண்டில் மரவள்ளியும் வாழையும் பயிர் செய்யவும், சந்தைக்குப் போகவும் அந்த ஒரு நாள்தான். அதிலும் மீதி வேலை, தண்டனை வேலை என்று வயலுக்கு இழுப்பார்கள். ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று ஸ்மித் கண்டிப்பாகப் போதித்தார். சந்தைக்குப் போன விசுவாசிகளையே திட்டியிருக்கிறார். எனக்கு அவரிடம் பிடிக்காத குணம் இது. பாவம், அந்த மனிதர்கள் வேறு எந்த நாளில் உப்பும் மீனும் வாங்குவார்கள்? ஆனால் அந்தக் கண்டிப்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போகச் சொல்லும் துரை கடவுளின் சட்டத்தை மீறுகிறார் என்பது அடிமைகளின் காதில் தெளிவாகவே விழுந்தது.

வாரநாட்களில் பஞ்சாயத்துதான் பாதி வேலை. புருஷன் பெண்டாட்டி சண்டை, கோழி காணாமல்போன வழக்கு, ஞானஸ்நானம் கேட்டு வந்தவரின் பரீட்சை. இதற்கு நடுவே சாட்டைச் சத்தம். நம் தேயிலைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் கங்காணி மாதிரி ஒருவன், வயலில் சாட்டையோடு நிற்பான். வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டு நெஞ்சு படபடக்கிறது என்று ஸ்மித் குறித்திருக்கிறார். சில நாட்களில் அடிகளை எண்ணி எழுதி வைத்திருக்கிறார். வேறு எதுவும் செய்ய முடியாத மனிதர் எண்ணிக்கையையாவது எழுதுகிறார்.

இன்னொரு குறிப்பு என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1817-லேயே, வந்த சில மாதங்களில், ஆதியாகமம் படித்துக் கொண்டுபோகும்போது 13-ம் அதிகாரத்தின் பிற்பகுதியை வேண்டுமென்றே தாண்டியிருக்கிறார். ஆபிரகாமுக்குக் கானான் தேசத்தைத் தருவதாகக் கடவுள் வாக்குக் கொடுக்கும் பகுதி. அடிமைகள் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போன வாத்தியார்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் தாண்டியிருக்கிறேன். எந்தப் பாடம், எந்த வருடம் என்றெல்லாம் கேட்காதீர்கள்.

இப்போது குவாமினா. ஆப்பிரிக்காவில் பிறந்து, சிறுவனாகத் தாயோடு கொண்டுவரப்பட்டவர். சக்சஸ் தோட்டத்துத் தச்சர். பெத்தேல் சபையின் தலைமை உதவிக்காரர். ஸ்மித் யாரையாவது முழுக்க நம்பினார் என்றால் இவரைத்தான். 1822-ல் குவாமினாவின் மனைவி பெக்கி படுத்த படுக்கையானார். இருபது வருடத் துணை. கூட இருக்க விடவில்லை, வேலை வாங்கினார்கள். ஒரு ராத்திரி வேலை முடிந்து திரும்பியபோது அந்த அம்மாள் இறந்து கிடந்தார்.

சக்சஸ் தோட்டத்தின் உரிமையாளர் லிவர்பூல் வியாபாரி ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார். டெமராராவில் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை. குவாமினாவின் மகன் ஜாக்குக்கு முதலாளியின் பெயரே பெயரோடு ஒட்டியிருந்தது, ஜாக் கிளாட்ஸ்டன் என்று.

1823 நடுவில் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. பெண்களைச் சாட்டையால் அடிக்கக் கூடாது, வயலில் சாட்டை கொண்டுபோகக் கூடாது. கவர்னர் அதை வெளியிடாமல் வைத்துக்கொண்டார். துரைமார் சாப்பாட்டு மேசையில் பேசியது வேலைக்காரர் காதில் விழுந்து, தோட்டம் தோட்டமாகப் பரவியது. பரவும்போது அது, அரசர் விடுதலை கொடுத்துவிட்டார், இவர்கள்தான் மறைக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. குவாமினா நேரே ஸ்மித்திடமே வந்து கேட்டார். விடுதலை எல்லாம் இல்லை, ஆனால் உங்களுக்கு நன்மையான ஏதோ யோசிக்கிறார்கள், பொறுமையாக இருங்கள் என்றார் ஸ்மித்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. எருசலேம் நகரத்தைப் பார்த்து இயேசு அழுத பகுதியை எடுத்துப் பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்தபின், துரைமாரைப் பட்டணத்துக்கு அனுப்பிப் புதுச் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. அப்படிச் செய்யாதீர்கள் என்று கடிந்துகொண்டார். மறுநாள் மாலை தொடங்கிவிட்டது.

கிழக்குக் கரையின் அறுபது தோட்டங்களில் பத்தாயிரம் பேர் அளவுக்கு எழுந்தார்கள். செய்தது என்ன? பெரும்பாலும் துரைமாரைப் பிடித்து, தங்களை இத்தனை காலம் மாட்டி வைத்த அதே தொழுமரத்தில் மாட்டினார்கள். இறந்த வெள்ளையர் இரண்டு மூன்று பேர்தான். ஸ்மித்தும் அன்று மாலை ஓடிப்போய்த் தன் தோட்டத்து மேனேஜரை ஒன்றும் செய்யாதீர்கள் என்று தடுத்திருக்கிறார். 20-ம் தேதி 'பேச்சிலர்ஸ் அட்வென்ச்சர்' என்ற தோட்டத்தில் பட்டாளம் கூட்டத்தை எதிர்கொண்டது. என்ன வேண்டும் என்று கேட்டதற்குச் சிலர் விடுதலை என்றார்கள். சிலர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் எங்களுக்கு, ஞாயிறு கோயிலுக்கு என்றார்கள். பதில் துப்பாக்கி. சண்டையிலும் தூக்கிலும் சேர்த்து இருநூறுக்கு மேற்பட்ட அடிமைகள் செத்தார்கள். குவாமினா யாரையும் தாக்கியதாகச் சான்று இல்லை. காட்டில் தேடிப் பிடித்து செப்டம்பர் 16-ல் சுட்டார்கள். உடலைச் சக்சஸ் தோட்டத்துக்கு முன்னால் சாலையோரம் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். ஜாக் செயிண்ட் லூசியா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஸ்மித்தை ஆகஸ்ட் 21-ல் கைது செய்தார்கள். ராணுவ நீதிமன்றம். கலகம் வரப்போவது தெரிந்தும் சொல்லவில்லை, அடிமைகளைத் தூண்டினார் என்று குற்றச்சாட்டு. நாட்குறிப்பைப் பறிமுதல் செய்து, அதிலிருந்தே வாசித்தார்கள். ஆதியாகமத்தில் தாண்டிய பக்கம் இருக்கிறதே, அதுவும் சாட்சியாக வந்தது. எந்த வரி அடிமையைக் கிளப்பிவிடும் என்று இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள் என்றார்கள். சொன்னால் ஒரு குற்றம், சொல்லாமல் விட்டால் இன்னொரு குற்றம்!

நவம்பரில் தூக்குத் தண்டனை, கருணைக்குப் பரிந்துரையோடு. ஏற்கெனவே காசநோய். 1824 பிப்ரவரி 6-ல் சிறையிலேயே உயிர் பிரிந்தது. அரசர் தண்டனையை ரத்து செய்த உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. விடிவதற்கு முன் இருட்டில் ரகசியமாகப் புதைத்தார்கள். பெட்டிக்குப் பின்னால் நடக்க ஜேனுக்கு அனுமதி இல்லை. அந்த அம்மாள் இன்னொரு பாதிரியாரின் மனைவியோடு, லாந்தர் பிடித்த ஒரு கறுப்பின மனிதர் வழிகாட்ட, முன்னாடியே போய்க் குழிக்குப் பக்கத்தில் காத்து நின்றார். பின்பு ஒரு தச்சரும் ஒரு கொத்தனாரும் கல்லறையைச் சுற்றி அடைப்பு போட்டார்கள். அதையும் இடித்துப் போட உத்தரவு வந்தது.

இங்கிலாந்தில் இந்தச் சாவு பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. இருநூறு அடிமைகளின் சாவு கிளப்பாத கோபத்தை ஒரு வெள்ளைக்காரர் சாவு கிளப்பியது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. பாராளுமன்றத்தில் விவாதம், மனுக்கள். பத்து வருடத்தில், 1834-ல், அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு! ஜான் கிளாட்ஸ்டன் பெற்றது மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல்.

அவர் அதோடு நிற்கவில்லை. அடிமைகள் போனால் கரும்பு வெட்ட யார் என்று யோசித்து, 1836-ல் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். 1838 மே 5-ல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் போய் இறங்கினார்கள். 1845 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. 1917 வரை அந்த நாட்டுக்குப் போன இந்தியர்கள் இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். அவர்களில் நம் தமிழரும் உண்டு. அங்கே இன்றும் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. அந்த ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய வாய்க்கால் கரையில்தான் அந்தக் கூலிகளும் நடந்திருப்பார்கள்.

இவ்வளவையும் குரல் பதிவாகப் பேசி என் மாணவனுக்கு அனுப்பினேன். இன்னொரு தகவலும் சேர்த்தேன். நாடு சுதந்திரம் பெற்ற பிறகுதான் அந்தத் தெருவுக்குக் குவாமினா பெயரை வைத்தார்கள். அதற்கு முன் அதன் பெயர் மர்ரே தெரு. ஆமாம், அதே கவர்னர் மர்ரே.

பையன் இன்னும் முழுசாகக் கேட்டானா என்று தெரியவில்லை, இரண்டு நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. ஜார்ஜ்டவுனில் பிரிக்டாம் சாலையில் 1843-ல் கட்டிய ஸ்மித் நினைவுக் கோயில் இருக்கிறது, அடுத்த முறை கப்பல் அந்தப் பக்கம் போனால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புடா என்று சொல்லியிருக்கிறேன். வந்ததும் இங்கே போடுகிறேன்.