ஊர்க்காசில் எழுந்த படம்

படமெடுக்க முதலாளி வேண்டும். எடுத்ததை ஊர்தோறும் அனுப்ப விநியோகஸ்தர் வேண்டும். காட்டுவதற்குக் கொட்டகை வேண்டும். இம்மூன்றையும் வேண்டாமென்று தள்ளிய ஒருவரைக் கொச்சித் தமிழராகிய நாம் நினைவுகூர இரட்டைக் காரணம் உண்டு.

1937-இல் பிறந்த ஜான் ஆப்ரகாம் மலையாளி. பூனா திரைப்படப் பள்ளியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். எனினும் அவர் பெயரை நாடறியச் செய்தது நம் மொழிப் படமே. வெங்கட் சாமிநாதன் எழுதிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. பெற்றும் என்ன? எதிர்ப்புக்கு அஞ்சித் தொலைக்காட்சி ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. பரிசளித்த கையே திரையையும் மூடியது விந்தையன்றோ!

படத்தை மக்களிடம் சேர்க்கும் வழி பிறர் கையில் இருக்குமட்டும் விருதால் பயனில்லை. 1984-இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்னும் குழுவைத் தொடங்கினார். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர்களில் திரையிட்டு, கூடியவர்களிடம் இயன்றதைக் கேட்டு வாங்கினர். அவ்வாறு சேர்ந்த சிறுகாசில் எழுந்ததே 'அம்மா அறியான்' (1986). வயநாட்டில் மாண்ட வாலிபனின் சேதியை அவன் தாய்க்குரைக்கப் புறப்பட்ட ஒருவனுடன், வழிதோறும் நண்பர்கள் சேர்ந்து பெருங்கூட்டமாய் வந்தடைவது நம் கொச்சியை. வைப்பினில் படகேறி அக்கரை செல்வோர்க்கு அப்படத்தின் கடற்காற்று புதிதன்று.

முடிந்த படமும் வாணிபம் கருதாது ஊர்களுக்கே திரும்பியது. காசு கொடுத்தவரே காண்போருமாயினர். ஆனால் அவ்வசூல் பெரிதும் ஒருவரது ஈர்ப்பை நம்பியிருந்ததென்றே நாம் கருதுகிறோம். 1987 மே 31-இல், கோழிக்கோட்டில் மாடியிலிருந்து விழுந்து அவர் மறைந்தார். வயது ஐம்பதும் நிறையவில்லை.